எந்தத் தீர்ப்பு, எந்தப் பத்தி?

எஸ்.சி.சி. என்று வக்கீல்கள் சொல்லும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பின் 2013-ஆம் ஆண்டு ஒன்பதாம் தொகுதியில், 54-ஆம் பக்கத்தில் ‘ராஜேஷ் எதிர் ராஜ்பீர் சிங்’ தொடங்குகிறது. 65-ஆம் பக்கத்தில் ‘ரேஷ்மா குமாரி எதிர் மதன் மோகன்’. இரண்டும் சாலை விபத்து இழப்பீடு பற்றியவை. இரண்டையும் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வுகள் 2013 ஏப்ரல் மாதத்தில் வழங்கின. அச்சில் முன்னால் நிற்கும் ராஜேஷ், நாள்படி பின்னால் வந்தது: ரேஷ்மா குமாரி ஏப்ரல் 2, ராஜேஷ் ஏப்ரல் 12.

சொந்தத் தொழில் செய்து பிழைத்த ஒருவர் விபத்தில் இறந்துபோகிறார். அவர் இருந்திருந்தால் வருமானம் நாளாவட்டத்தில் உயர்ந்திருக்கும் என்று வைத்து இழப்பீட்டைக் கூட்டிப் போடலாமா? 2009-இல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், நிரந்தர வேலையில் இருந்தவருக்குக் கூட்டலாம் என்றது. சுயதொழில் செய்தவருக்கு, அரிதான சூழல் தவிர, கூடாது என்றது. ரேஷ்மா குமாரி அந்தக் கணக்கை ஏற்றது. பத்து நாள் கழித்து வந்த ராஜேஷ், நாற்பது வயதுக்கு உட்பட்ட சுயதொழில்காரருக்கும் 50 விழுக்காடு கூட்டச் சொன்னது. ரேஷ்மா குமாரி அதன் கவனத்துக்கே வரவில்லை. மாதம் 10,000 ரூபாய் சம்பாதித்த தையற்காரர் ஒருவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டை 10,000 ரூபாயிலிருந்து கணக்கிடுவதா, 15,000 ரூபாயிலிருந்தா என்பது வக்கீல் எந்தப் பக்கத்தைக் காட்டினார் என்பதைப் பொறுத்ததாகிப்போனது. குடும்பத்தின் வக்கீல் கையிலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கையிலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2017 அக்டோபர் 31 அன்று பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, அதே பலம் கொண்ட முந்தைய அமர்வின் தீர்ப்பைக் கவனியாமல் சொல்லப்பட்டதால் ராஜேஷ் கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பாகாது என்று அறிவித்தார்கள். சுயதொழில்காரர்களுக்கு வயதுக்கேற்ப 40, 25, 10 விழுக்காடு என்று புதிய கணக்கும் தந்தார்கள். இடைப்பட்ட நாலரை ஆண்டில் விபத்துத் தீர்ப்பாயங்களில் முடிந்துபோன வழக்குகளைத் திரும்ப எண்ண வழியில்லை.

சட்ட எழுத்தில் தீர்ப்பை மேற்கோள் காட்டுவது எப்படி என்று கேட்டால், சட்டக் கல்லூரியில் முதலில் கிடைக்கும் விடை அடைப்புக்குறி எங்கே வரும், புள்ளி எங்கே வரும் என்பதுதான். அமெரிக்காவில் 1926 முதல் வரும் ‘புளூபுக்’, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டின் ‘ஆஸ்கோலா’ என்று இதற்கென்றே கையேடுகள் உண்டு. மாணவர்கள் இவற்றோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால், காற்புள்ளிதான் சட்டத்தின் அஸ்திவாரம் என்று தோன்றிவிடும். ராஜேஷ் – ரேஷ்மா குமாரி குழப்பத்தில் அடைப்புக்குறி எதுவும் தவறவில்லை. (2013) 9 எஸ்.சி.சி. 54 என்பது மாசற்ற மேற்கோள். அது சொல்லாமல் விட்டவை மூன்று: தீர்ப்பின் நாள், அமர்வின் பலம், இதே கேள்வியில் வேறு யார் என்ன சொன்னார்கள் என்பது. எந்த மேற்கோள் வடிவமும் இந்த மூன்றையும் கேட்பதில்லை. இந்திய நடைமுறையில் ஒரு தீர்ப்பின் உயிரே இந்த மூன்றில்தான் இருக்கிறது.

வடிவத்தை முதலில் முடித்துவிடுவோம். மேற்கோள் என்பது ஒரு விலாசம். ஊர், தெரு, கதவு எண் போலத் தொகுப்பு, தொகுதி, பக்கம். ஆங்கிலேய மரபில் சதுர அடைப்புக்குறிக்குள் ஆண்டு இருந்தால், அந்த ஆண்டு இல்லாமல் தொகுதியைக் கண்டுபிடிக்க முடியாது என்று பொருள். டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கை [1932] ஏ.சி. 562 என்று எழுதுவது அதனால்தான். தொகுதிகளுக்குத் தொடர் எண் இருந்தால் ஆண்டு வெறும் தகவல், அதற்கு வட்ட அடைப்புக்குறி போதும். இந்தியாவில் இந்த நுணுக்கத்தைப் பாதிப் பேர் கடைப்பிடிப்பதில்லை, ஏ.ஐ.ஆர். மேற்கோளுக்கு அடைப்பே கிடையாது. கேசவானந்த பாரதி ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461 ஆகவும், (1973) 4 எஸ்.சி.சி. 225 ஆகவும் இருப்பதில் யாருக்கும் குழப்பமில்லை.

ஒரே தீர்ப்புக்கு ஏன் இத்தனை விலாசங்கள்? இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக் கதை இருக்கிறது. பிரிவி கவுன்சில் தீர்ப்புகளுக்கு மூரின் தொகுப்பு, சென்னையில் 1862-இல் உயர் நீதிமன்றம் வந்ததும் அதற்கெனத் தனித் தொகுப்பு என்று ஆளுக்கொரு பக்கம் அச்சிட்டுக்கொண்டிருந்த நிலையில், 1875-இல் காலனி அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரசின் அதிகாரத்தோடு வெளியாகும் தொகுப்பைத் தவிர வேறெதிலிருந்தும் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒருவர் எடுத்துக்காட்டினால், அதைக் கேட்க எந்த நீதிமன்றமும் கட்டுப்பட்டதல்ல என்றது அது. மறுவருடமே கல்கத்தா, பம்பாய், சென்னை, அலகாபாத் என நான்கு வரிசைகளோடு ஐ.எல்.ஆர். தொடங்கிற்று. மைனரோடு செய்த ஒப்பந்தம் செல்லாது என்ற மொஹரி பீபி தீர்ப்பை இன்றும் சட்ட மாணவர்கள் (1903) ஐ.எல்.ஆர். 30 கல்கத்தா 539 என்றுதான் மனப்பாடம் செய்கிறார்கள்.

சட்டம் சொன்னது ‘கட்டுப்பட்டதல்ல’ என்று மட்டுமே. கேட்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. அந்த இடுக்கு வழியாகத் தனியார் சஞ்சிகைகள் உள்ளே வந்தன. சென்னை வக்கீல்களின் முயற்சியில் 1891-இல் ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘மெட்ராஸ் வீக்லி நோட்ஸ்’, ‘லா வீக்லி’ ஆகியவையும் சேர்ந்துகொண்டன. அரசுத் தொகுப்பு மாதக்கணக்கில் தாமதிக்க, தனியார் சஞ்சிகை வாரத்தில் கையில் கிடைத்தது. நாளைக்கு வாதம் இருக்கும் வக்கீல் எதை வாங்குவார் என்று சொல்லத் தேவையில்லை. எம்.எல்.ஜே. தொகுதிகள் பைண்டு செய்யப்பட்டு அடுக்கியிருக்காத பழைய வக்கீல் வீட்டை மயிலாப்பூரில் காண்பது கடினம். 1950-இல் உச்ச நீதிமன்றம் வந்து அதன் அதிகாரபூர்வத் தொகுப்பாக எஸ்.சி.ஆர். தொடங்கிய பிறகும் இதே கதைதான். 1969-இல் லக்னோவிலிருந்து வரத் தொடங்கிய எஸ்.சி.சி., அதிகாரபூர்வத் தொகுப்பைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. நீதிபதிகளே தீர்ப்புகளில் எஸ்.சி.சி. எண்ணைத்தான் எழுதினார்கள்.

இதில் ஒரு சங்கடம் ஒளிந்திருந்தது. நீதிமன்றத் தீர்ப்பு பொதுச் சொத்து. பதிப்புரிமைச் சட்டமே அதை யாரும் வெளியிடலாம் என்கிறது. தீர்ப்பைச் சுட்டும் பக்க எண்ணும் பத்தி எண்ணும் யாருடையவை? ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக் வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. எழுத்துப்பிழை திருத்துவது போன்ற வேலைகளுக்கு உழைப்பு இருக்கலாம், பதிப்புரிமை கிடையாது என்றது. நீண்ட தீர்ப்பைப் பொருளறிந்து பத்திகளாகப் பிரித்து எண் இடுவதிலும், எந்த நீதிபதி ஒத்துப்போனார், எவர் மாறுபட்டார் என்று குறிப்பதிலும் சட்ட அறிவும் தேர்வும் இருப்பதால் அவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு என்றது. சட்டக்கூறாகப் பார்த்தால் நியாயமான தீர்ப்பு. விளைவாகப் பார்த்தால், பொதுச் சொத்தான ஒரு பத்தியைச் சுட்டிக்காட்டும் எண் தனியார் வேலியின் உள்ளே போய் நின்றது. இப்போது உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புகளில் பத்தி எண் இடுகிறது. ஆனால் பதிப்பாளர் பத்தி பிரித்து எண்ணை மாற்றியிருக்கலாம். ‘பத்தி 42’ என்று எழுதும்போது எந்தப் பிரதியின் 42 என்று சொல்லாவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் வேறொரு 42-ஐப் படித்துக்கொண்டிருப்பார். நீதிமன்றத்தில் இது அன்றாடம் நடக்கிற கூத்து.

நடுநிலை மேற்கோள் இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. எந்தப் பதிப்பாளரையும் சாராமல், தீர்ப்பு பிறக்கும்போதே நீதிமன்றம் அதற்கு எண் தந்துவிடுகிறது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் தொண்ணூறுகளின் இறுதியிலேயே இதற்கு வந்துவிட்டன. இங்கிலாந்து 2001 ஜனவரியில். இந்திய உச்ச நீதிமன்றத்தில் 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது: ஆண்டு, ஐ.என்.எஸ்.சி. என்ற எழுத்துகள், வரிசை எண். அவ்வளவுதான். உயர் நீதிமன்றங்களுக்கும் தில்லிக்கு டி.எச்.சி., சென்னைக்கு எம்.எச்.சி. என்று எழுத்துகள் உண்டு. அதே ஆண்டு ஜனவரியில் ஏறத்தாழ 34,000 தீர்ப்புகளோடு எஸ்.சி.ஆர். தொகுப்பு இணையத்தில் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. மாவட்டத் தலைநகரில் தனியாகப் பிராக்டிஸ் செய்யும் ஓர் இளம் வக்கீலுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பது, தரவுத்தளச் சந்தாத் தொகையைக் கட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் விலாசம் சரியாக இருப்பதும், அந்த வீட்டில் நாம் தேடுகிறவர் இருப்பதும் ஒன்றல்லவே. தீர்ப்பு எதைச் சொல்கிறது என்று நாம் எழுதுகிறோமோ, அதை அது உண்மையில் சொல்கிறதா? இங்கே முதல் கண்ணி ஹெட்நோட். தீர்ப்பின் தலையில் தொகுப்பாசிரியர் எழுதும் சுருக்கம் அது. அவசரத்தில் இருப்பவர் அதைப் படிப்பார். அதிலிருந்தே மேற்கோள் எடுப்பார். அமெரிக்காவில் 1886-இல் சாண்டா கிளாரா எதிர் சதர்ன் பசிபிக் ரயில்வே வழக்கில் நடந்தது உலகப் பிரசித்தம். வழக்கு வரி பற்றியது. நீதிமன்றம் வேறொரு குறுகிய காரணத்தில் அதைத் தீர்த்தது. கம்பெனிகளும் அரசியல் சாசனத்தின் பதினான்காம் திருத்தப்படி ‘நபர்’களா என்ற கேள்வியைத் தீர்ப்பு தொடவில்லை. ஆனால் வாதம் தொடங்குமுன் தலைமை நீதிபதி வாய்மொழியாகச் சொன்னதாக ஒரு வரியைத் தொகுப்பாசிரியர் பான்கிராஃப்ட் டேவிஸ் தலைப்பில் சேர்த்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகளாக அந்தத் தீர்ப்பு, கம்பெனியும் நபர்தான் என்று நிறுவிய தீர்ப்பாக எடுத்தாளப்பட்டது. 1906-இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், ஹெட்நோட் நீதிமன்றத்தின் எழுத்தல்ல என்று தெளிவாகச் சொன்னது. அதற்குள் அந்த வரி தன் வேலையை முடித்திருந்தது.

முழுத் தீர்ப்பையும் படித்தால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடுமா? கேசவானந்த பாரதியைப் படித்தவர்களைக் கேளுங்கள். 68 நாள் வாதம், 13 நீதிபதிகள், 11 தனித்தனித் தீர்ப்புகள், 7-க்கு 6 என்ற பிளவு. அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்த முடியாது என்பதை ‘கேசவானந்தா தீர்ப்பு’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொற்களில் அது எங்கே இருக்கிறது? 1973 ஏப்ரல் 24 அன்று, பெரும்பான்மையின் கருத்து என்று ஒரு சுருக்கத் தாளும் வெளியிடப்பட்டது. அதில் ஒன்பது நீதிபதிகள் கையெழுத்திட்டார்கள். நான்கு பேர் போடவில்லை. தீர்ப்பின் ஒரு பகுதியா, வெறும் குறிப்பா என்று சட்ட அறிஞர்கள் இன்னும் விவாதிக்கும் தாள் அது. பெரும்பான்மையை ஏழாக்கிய எச்.ஆர். கன்னாவின் தீர்ப்போ, அடிப்படை உரிமைகள் அடிப்படைக் கட்டமைப்பில் அடங்காது என்பதுபோலச் சிலரால் வாசிக்கப்பட்டது. 1975-இல் இந்திரா காந்தி தேர்தல் வழக்கில் அவரே, தான் அப்படிச் சொல்லவில்லை என்று விளக்க வேண்டியிருந்தது. தீர்ப்பெழுதிய நீதிபதியே தன் பத்திகளுக்கு உரை எழுத வேண்டி வந்ததென்றால், அடிக்குறிப்பில் பக்க எண் இல்லாமல் ‘கேசவானந்த பாரதி’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போகும் கட்டுரையாளரை என்ன சொல்வது? இந்த வழக்கில் மேற்கோள் என்பது எந்த நீதிபதி, எந்தப் பத்தி, அவருடன் எத்தனை பேர் என்ற மூன்றும் சேர்ந்ததுதான்.

ஒரு தீர்ப்பு எதைத் தீர்மானித்ததோ அதற்கு மட்டுமே ஆதாரம். அதிலிருந்து தர்க்கமாக எது பின்தொடர்வதாகத் தோன்றினாலும் அதற்கு ஆதாரமாகாது என்பது 1901-இல் க்வின் எதிர் லெதம் வழக்கில் ஹால்ஸ்பரி பிரபு வகுத்த நிலை. இந்திய உச்ச நீதிமன்றமும் இதைப் பலமுறை ஏற்றிருக்கிறது. இதை எழுத்தில் கடைப்பிடிப்பதுதான் கடினம். தீர்ப்பில் அழகான வாக்கியம் ஒன்று கண்ணில் படும். நம் வாதத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். அது வழக்கைத் தீர்க்கத் தேவைப்பட்ட காரணமா, நீதிபதி போகிறபோக்கில் சொன்னதா, தோற்ற தரப்பின் வாதத்தை அவர் எடுத்துச் சொல்லும் பகுதியா என்று பார்க்கும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கிறது? கடைசியாகச் சொன்னது நடப்பதில்லை என்று நினைக்க வேண்டாம். எதிர்வாதத்தின் சுருக்கத்தை நீதிமன்றத்தின் முடிவாகக் காட்டும் மனுக்கள் எல்லா நீதிமன்றங்களிலும் வருகின்றன.

வாதமே கேட்காமல் முடிவாகிப்போன விஷயத்துக்கும் ஆதாரபலம் இல்லை. இதில் ஒரு வேடிக்கையான ஜோடி உண்டு. 1989 அக்டோபரில் ‘சிந்தெடிக்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் எதிர் உத்தரப் பிரதேச மாநிலம்’ – ஏழு நீதிபதிகள், தொழிற்சாலைச் சாராயத்தின் மீது மாநிலத்துக்கு உள்ள அதிகாரம் பற்றியது. 1991-இல் ‘உத்தரப் பிரதேச மாநிலம் எதிர் சிந்தெடிக்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்’ – இரண்டே நீதிபதிகள். இந்த இருவர் அமர்வு, விற்பனை வரி பற்றி எழுவர் அமர்வு சொன்ன முடிவு அந்தக் கேள்வியில் வாதமே இல்லாமல் வந்தது, ஆகவே கட்டுப்படுத்தாது என்றது. தரப்புகளின் பெயர் இடம் மாறியதைத் தவிர வித்தியாசம் தெரியாத இந்த இரண்டையும் ‘சிந்தெடிக்ஸ் தீர்ப்பு’ என்று பொதுவாக எழுதினால் வாசிப்பவர் கதி என்ன? போதாக்குறைக்கு, 2024 அக்டோபரில் ஒன்பது நீதிபதிகள் 8-க்கு 1 என்ற கணக்கில் அந்த எழுவர் அமர்வுத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டார்கள். பெயரை மட்டும் நம்பும் மேற்கோளுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை நான் பார்த்ததில்லை.

வக்கீல்கள் வேண்டுமென்றே செய்யும் ஒரு தந்திரமும் உண்டு. உயர் நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக்காட்டிவிட்டு, ‘உச்ச நீதிமன்றத்தாலும் உறுதி செய்யப்பட்டது’ என்று ஒரு வால் ஒட்டுவார்கள். உண்மையில் நடந்தது, அந்தத் தீர்ப்புக்கு எதிரான சிறப்பு அனுமதி மனு ஒரே வரியில் தள்ளுபடி ஆனது மட்டுமே. 2000-இல் குஞ்ஞயம்மது எதிர் கேரள மாநிலம் வழக்கில் மூன்று நீதிபதிகள் இதைத் துல்லியமாகப் பிரித்தார்கள்: காரணம் சொல்லாமல் மனுவைத் தள்ளினால், மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவில்லை என்று மட்டுமே பொருள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு கலந்துவிடாது. 141-ஆம் உறுப்பின்படி அனைவரையும் கட்டுப்படுத்தும் சட்டமும் அங்கே பிறக்காது. காரணம் சொல்லித் தள்ளியிருந்தால் அந்தக் காரணம் கட்டுப்படுத்தும். இரண்டு தள்ளுபடிக்கும் இடையே இத்தனை தூரம் இருக்க, ‘உறுதி செய்யப்பட்டது’ என்ற வால் இன்றும் மனுக்களில் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்தது, தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது. அமெரிக்காவில் 1873-இலேயே ஃப்ராங்க் ஷெப்பர்ட் என்பவர் இதை ஒரு தொழிலாக்கினார். எந்தத் தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் பின்பற்றின, வேறுபடுத்தின, ரத்து செய்தன என்ற பட்டியல் அவருடையது. அந்நாட்டு வக்கீல்கள் அவர் பெயரையே வினைச்சொல்லாக்கிவிட்டார்கள். இங்கே தரவுத்தளங்கள் சிவப்பும் பச்சையுமாக அடையாளம் காட்டுகின்றன. நெருக்கடிநிலைக் காலத்தின் ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பு 1976-லிருந்து 2017-இல் புட்டசாமி வழக்கில் ரத்தாகும்வரை நாற்பத்தோரு ஆண்டுகள் ஏட்டளவில் சட்டமாகவே இருந்தது. எல்லோரும் அதை வெறுத்தார்கள், சுட்டுவதைத் தவிர்த்தார்கள், ஆனால் அது சாகவில்லை. சிவப்பு அடையாளம் வராமலே செத்துப்போன தீர்ப்புகளும் உண்டு. சென்னை மாகாணத்தின் கம்யூனல் ஜி.ஓ.வைச் செல்லாததாக்கிய செண்பகம் துரைராஜன் தீர்ப்பை, ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226, எந்த நீதிமன்றம் வந்து கவிழ்த்தது? அதே ஆண்டு நாடாளுமன்றம் முதல் திருத்தத்தால் 15(4)-ஐச் சேர்த்து அதன் காலடி மண்ணை எடுத்துவிட்டது. பிற்காலத் தீர்ப்புகளின் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. தீர்ப்பு எந்தச் சட்டவாசகத்தின் மேல் நின்றதோ, அந்த வாசகம் இன்று இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபின் இந்தச் சோதனை எல்லா கிரிமினல் வக்கீல்களின் மேசைக்கும் வந்துவிட்டது. பழைய பிரிவின் மேல் சொன்ன தீர்ப்பு புதிய பிரிவுக்குப் பொருந்துமா என்பதற்கு வாசகத்தை அருகருகே வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

2023-க்குப் பிறகு இன்னொரு வகை வந்து சேர்ந்திருக்கிறது: பிறக்கவே பிறக்காத தீர்ப்பு. நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் மோதியது என்ற சாதாரணக் கோரிக்கைக்காக வக்கீல்கள் தாக்கல் செய்த மனுவில் சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகள் இருந்தன. கட்சிக்காரர் பெயர், தொகுதி, பக்கம், நீதிபதி பெயர் எல்லாம் கச்சிதம். பிரதி கொண்டுவரச் சொன்ன நீதிமன்றத்துக்குக் கற்பனைத் தீர்ப்பின் வாசகத்தையே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நீதிபதி கெவின் காஸ்டல் 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விதித்ததோடு, பொய்த் தீர்ப்புகளை எழுதியதாகக் காட்டப்பட்ட ஒவ்வொரு நீதிபதிக்கும் கடிதம் அனுப்பச் சொன்னார். 2025 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம், இது நீதிமன்ற அவமதிப்பு வரை போகும் என்று வக்கீல்களை எச்சரித்தது. இந்தியாவும் தப்பவில்லை. பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் 2024 டிசம்பர் ஆணை ஒன்றிலேயே இல்லாத தீர்ப்புகள் ஏறிவிட, ஆணை திரும்பப் பெறப்பட்டது. இதை இயந்திரத்தின் குற்றமாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஹெட்நோட்டைப் படித்துவிட்டுத் தீர்ப்பை மேற்கோள் காட்டும் பழக்கமும், இன்னொரு தீர்ப்பில் சுட்டப்பட்டதைப் பார்த்து மூலத்தைத் திறக்காமலே அடிக்குறிப்பில் ஏற்றும் பழக்கமும் இயந்திரத்துக்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் இருந்தன. அப்போது தீர்ப்பாவது இருந்தது.

எண்ணிக்கை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கூற்றுக்கு இருபது தீர்ப்புகளை அடுக்குவது இங்கே உழைப்பின் அடையாளமாகக் கருதப்படுகிறது. ஜூனியர் இரவெல்லாம் உட்கார்ந்து ‘கம்பைலேஷன்’ தயாரிப்பார். சீனியர் அதில் இரண்டை மட்டும் படித்துக்காட்டுவார். நீதிபதி தீர்ப்பில் இருபதையும் குறிப்பிடுவார், ஏனெனில் ஒன்றை விட்டால் மறுசீராய்வு மனு வரும். இப்படித்தான் தீர்ப்புகள் நூறு பக்கம் தாண்டுகின்றன. இங்கிலாந்து 2001-இல் ஒரு நடைமுறைக் கட்டளையால் இதற்கு லகான் போட்டது. எடுத்துக்காட்டும் ஒவ்வொரு தீர்ப்பும் எந்தச் சட்டக்கூற்றை நிறுவுகிறது என்று வக்கீல் சொல்ல வேண்டும். ஒரே கூற்றுக்கு ஒன்றுக்கு மேல் காட்டினால் ஏன் என்று காரணம் தர வேண்டும். ஒருதரப்பு மட்டும் ஆஜரான விசாரணைகள் போன்ற சில வகைத் தீர்ப்புகள், புதிய கொள்கையை வகுப்பதாகத் தாமே சொன்னாலன்றி, எடுத்துக்காட்டவே கூடாது. 2012-இல் இன்னொரு கட்டளை, அதிகாரபூர்வத் தொகுப்பில் இருக்கும் தீர்ப்பை அதிலிருந்தே சுட்ட வேண்டும் என்றது. நம் உயர் நீதிமன்ற விதிகளில் இதுபோல் ஒன்று வந்தால், முதல் வாரம் பார் அசோசியேஷனில் கண்டனத் தீர்மானம் போடுவார்கள், இரண்டாம் மாதம் பழகிவிடும் என்பது என் கணிப்பு.

தமிழில் சட்டம் எழுதுபவருக்கு வேறொரு சிக்கல். உச்ச நீதிமன்றத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் 348-ஆம் உறுப்பின்படி ஆங்கிலமே மொழி. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பு எழுதலாம், எழுதுகிறார்கள். ஆகவே சார்பு நீதிமன்றத் தமிழ்த் தீர்ப்பில் நடுவே ஆங்கிலத்தில் அரைப் பக்கம் அப்படியே ஒட்டப்பட்டிருக்கும்; வழக்காடிய விவசாயி தன் வழக்கு எந்த அரைப் பக்கத்தால் தோற்றதோ அதைத்தான் படிக்க முடியாமல் நிற்பார். 2019-க்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்த்து வெளியிடுகிறது. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அறிவிப்பு இருக்கும்: மொழிபெயர்ப்பு வழக்காடுபவர் தம் மொழியில் புரிந்துகொள்வதற்கு மட்டும், அலுவல் காரியங்கள் அனைத்துக்கும் ஆங்கில வடிவமே அதிகாரபூர்வமானது. அதாவது படிக்கலாம், எடுத்துக்காட்ட முடியாது.

இந்த நிலையில் தமிழ்க் கட்டுரையாளரும் கீழமை நீதிபதியும் செய்யக்கூடியது ஒன்று உண்டு, சிலர் செய்தும் வருகிறார்கள். ஆங்கிலத்தில் ஒட்டுவதற்குப் பதில், தீர்ப்பு சொன்னதைத் தம் தமிழில் ஒரு வாக்கியத்தில் எழுதி, அதையடுத்து நடுநிலை எண், அமர்வின் பலம், தீர்ப்பு நாள், மூலத்தின் பத்தி எண் ஆகியவற்றைத் தருகிறார்கள். தம் வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் தீர்ப்பு இன்னும் பிடிபடவில்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். ரேஷ்மா குமாரியை இப்படி எழுதிப் பார்க்கலாம்: சுயதொழில் செய்தவரின் வருமானத்தில், அரிதான சூழல் தவிர, எதிர்கால உயர்வைக் கூட்டக் கூடாது, மூவர் அமர்வு, 2.4.2013. கீழே அடுத்த வரியில்: பிரணய் சேத்தி, ஐவர் அமர்வு, 31.10.2017 முதல் 40, 25, 10 விழுக்காடு கூட்ட வேண்டும். இரண்டு வரி. தையற்காரரின் குடும்பத்தார் படித்தாலும் விளங்கும், நடுநிலை எண்ணையும் பத்தி எண்ணையும் சேர்த்துவிட்டால், அவர்களுக்கு எதிராக வாதிடும் வக்கீலுக்கும் மூலத்தைத் திறந்து சரிபார்க்க வேண்டியதெல்லாம் அதில் இருக்கும்.